மூச்சும் முத்தும்

எங்கள் திரேஸ்புரத்தில் மூச்சைக் கொண்டு பிழைத்தவர்கள் இரு வகையினர். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிய குளியாளிகள் ஒரு வகையினர். மூச்சை ஊதிக் கரையில் நடந்த பேண்டு வாத்தியக்காரர்கள் மற்றொரு வகையினர். முன்னவர்களைப் பற்றி ஊர் வரலாறுகளில் சில பக்கங்களேனும் உண்டு. பின்னவர்களைப் பற்றி எழுதுவார் இல்லை. ஆனால் திருமண ஊர்வலத்தில் எல்லார்க்கும் முன்னால் நடந்தவர்களும், கல்லறைத் தோட்டம் வரை பிணத்துடன் வந்தவர்களும் அவர்களே. என் பெரியப்பா அவர்களுள் ஒருவர். நாற்பது ஆண்டுகள் டிரம்பெட் ஊதியவர்.

இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாறு அன்று. சிகாகோ என்னும் அமெரிக்க இசைக்குழுவின் 'தலைசிறந்த பாடல்கள்' தொகுப்பைப் பற்றியும், பொதுவாகத் தொகுப்புகள் என்பவை நமக்குச் செய்யும் நன்மை தீமை பற்றியும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஆயினும் அத்தொகுப்பைக் கேட்க எனக்குக் காது கொடுத்தவர் பெரியப்பாதான். ஆகவே அவரை விட்டுவிட்டு இதனைச் சொல்ல இயலாது.

என் தாய்மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை விடுமுறையில் வந்தபோது சிங்கப்பூரில் வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்றும், அதனோடு ஒரே ஒரு மேனாட்டுக் கேசட்டும் கொண்டுவந்தார். 1975ஆம் ஆண்டு வெளியான சிகாகோ குழுவின் தொகுப்பு அது. பாட்டின் சொல் எங்களுள் எவருக்கும் விளங்கவில்லை. வீட்டுப் பெண்கள் இரைச்சல் என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தார். '25 ஆர் 6 டு 4' என்னும் பாட்டில் கிதாரோடு சேர்ந்து குழல்கள் இறங்கி வரும் இடத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மூன்றும் தொடையின்மேல் தாமாக அசைந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"லேய், இவனுவ கூலிக்கு ஊதுறவனுவ இல்லல. வீட்டுக்காரனுவ" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

சிகாகோ குழு 1967ஆம் ஆண்டு அப்பெயருடைய நகரிலேயே தோன்றியது. 1969இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது 'சிகாகோ டிரான்சிட் அதாரிட்டி' என்று பெயர் வைத்திருந்தனர். அது அந்நகரத்துப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர். கழகத்தார் வழக்குத் தொடுப்பதாக எச்சரிக்கவே, பெயரைக் குறுக்கிக்கொண்டனர். அக்காலத்து ராக் இசைக்குழு என்றால் கிதார், டிரம், பாடுபவர் என்ற அளவோடு முடிந்துவிடும். குழல் வேண்டுமானால் ஆள் அழைத்துக்கொள்வார்கள். வந்தவர் தம் பகுதியை ஊதிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். சிகாகோ குழுவில் அப்படியன்று. டிரம்பெட் ஊதிய லீ லாக்னேன், டிரோம்போன் ஊதிய ஜேம்ஸ் பாங்கோ, சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த வால்டர் பாராசைடர் ஆகிய மூவரும் தொடக்கம் முதலே குழுவின் உறுப்பினர்கள். பாடகருக்கு நிகரான பங்காளிகள்.

அவர்கள் பங்காளிகள் என்பதற்கு அந்த 1975ஆம் ஆண்டுத் தொகுப்பே சான்று. அதில் உள்ள பாடல்கள் பதினொன்று. அவற்றுள் ஆறு பாடல்களை ஆக்கியதில் குழல்காரர்களின் கை இருக்கிறது. 'மேக் மீ ஸ்மைல்', 'கலர் மை வேர்ல்டு', 'ஜஸ்ட் யூ அண்ட் மீ' முதலிய நான்கு பாங்கோ தனியாகவும், இன்னொன்று அவர் பாஸ் கிதார்காரர் பீட்டர் செட்டெராவுடன் சேர்ந்தும் ஆக்கியவை. 'கால் ஆன் மீ' லாக்னேன் ஆக்கியது. பாதிக்கு மேற்பட்ட பாடல்கள் ஊதுகிறவர்களிடமிருந்து பிறந்தவை! தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தது. குழல் ஊதுபவன் பின்வரிசையில் நிற்கவேண்டியவன் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி இரண்டாம் கேசட்டின் கதைக்கு வருகிறேன். தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் மாமா மறுபடியும் ஒரு சிகாகோ கேசட் கொண்டுவந்தார். 1982 முதல் 1989 வரையுள்ள பாடல்களின் தொகுப்பு அது. பெரியப்பா ஆவலோடு வந்து உட்கார்ந்தார். முதற்பக்கம் ஓடி முடிந்தது. அவர் விரல் அசையவே இல்லை.

"மச்சான், இது அதே ஆளுவதானா?" என்று மாமாவைக் கேட்டார்.

"அதே ஆளுவதான் அத்தான், அட்டையில போட்டிருக்கே" என்றார் மாமா.

"அப்ப ஊதுறவனுக்கு என்னாச்சு? சம்பளம் பாக்கியா?"

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். 1976இல் செட்டெரா பாடிய மெதுவான காதற்பாட்டு ஒன்று அமெரிக்காவில் முதலிடம் பெற்றது; அதுவே குழுவின் முதல் முதலிடப் பாடல். 1978 ஜனவரியில் குழுவின் உயிர்நாடியாக இருந்த கிதார்க் கலைஞர் டெரி கேத் துப்பாக்கி விபத்தில் மாண்டார். விற்பனை சரிந்தது. 1982இல் டேவிட் ஃபாஸ்டர் என்னும் தயாரிப்பாளர் வந்து, மின்விசைக் கருவிகளையும் காதற்பாட்டையும் முன்னே நிறுத்திக் குழுவைத் தூக்கி நிறுத்தினார். அவ்வாண்டு 'ஹார்ட் டு சே ஐயாம் சாரி' முதலிடம் பெற்றது. இசைத்தட்டில் அப்பாடலின் இறுதியில் குழல்கள் சீறிக்கொண்டு புறப்படும் பகுதி ஒன்று உண்டு. தனிப்பாடலாக விற்றபோது அப்பகுதியை வெட்டிவிட்டார்கள். ஊர் கேட்டது வெட்டியதற்கு முந்திய பகுதியை மட்டுமே.

அந்த இரண்டாம் தொகுப்பில் பாடல்கள் பன்னிரண்டு. குழல்காரர் மூவருள் எவரும் ஆக்கிய பாடல் அதில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றில் ஆறு என்றிருந்தது பன்னிரண்டில் சுழியம் ஆயிற்று. குழலோசையே அத்தொகுப்பில் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்; சில பாடல்களில் அழகாகவே ஊதியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரராக இருந்தவர்கள் விருந்தாளிகளாகிவிட்டார்கள். பெயர் அதே பெயர். முத்திரை அதே முத்திரை. பெரியப்பாவின் காது அட்டையைப் படிக்காமலே அதைக் கண்டுபிடித்துவிட்டது.

'தலைசிறந்த' என்ற சொல்லின்மேல் எனக்கு ஐயம் பிறந்தது அன்றுதான். தலைசிறந்தது என்று தீர்ப்பளித்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்?

இதற்கு விடையை நான் எங்கள் ஊர்க் கடலிலேயே கண்டேன். மன்னார் வளைகுடாவில் 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதற்கு முன் நடந்த காலத்தில், எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பிரித்த பின்னர், வணிகர்கள் அவற்றைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பது வழக்கம். இருபது துளையுள்ள சல்லடையில் தொடங்கி ஆயிரம் துளையுள்ளது வரை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சலிப்பார்கள். மேலே நிற்பவை பெரியவை. அடியில் விழுவது தூள். பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்து வகை பிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலானது ஆணிமுத்து.

சல்லடையைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் சல்லடைக்குப் பருமன் தெரியுமே தவிர, அந்தச் சிப்பி கிடந்த ஆழம் தெரியாது. எடுத்தவன் எத்தனை நேரம் மூச்சடக்கினான் என்பது தெரியாது. மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் அசைவுக்காகக் காத்திருந்தவன் யார் என்பதும் தெரியாது. 'தலைசிறந்த பாடல்கள்' என்பதும் இத்தகைய சல்லடைதான். எத்தனை விற்றது, வானொலியில் எத்தனை முறை ஒலித்தது என்பவையே அதன் துளைகள். மூன்றரை நிமிடத்துக்குள் அடங்குவது மேலே நிற்கும். அடங்காதது கீழே விழும்.

கீழே விழுந்த ஒன்றைச் சொல்கிறேன். 1970இல் வந்த இரண்டாம் இசைத்தட்டில் 'பாலே ஃபார் எ கேர்ள் இன் பகேனன்' என்று ஏழு பகுதிகள் கொண்ட தொடரிசை ஒன்றைப் பாங்கோ அமைத்திருக்கிறார். ஏறத்தாழ பதின்மூன்று நிமிடம். நான் மேலே சொன்ன 'மேக் மீ ஸ்மைல்' அதன் தொடக்கப் பகுதி. 'கலர் மை வேர்ல்டு' அதன் நடுப்பகுதி. தொகுப்பில் இவ்விரண்டும் தனித்தனிப் பாட்டாக நிற்கின்றன. முழுத் தொடரையும் நான் கேட்டது கைப்பேசி வந்த பிறகுதான். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. 'கலர் மை வேர்ல்டு' பாட்டின் அமைதி, தனியாகக் கேட்கும்போது வெறும் இனிமையாகவே தோன்றும். முன்னே குழல்களின் ஆரவாரம் ஓடி ஓய்ந்த பிறகு கேட்டால், அது அலை அடங்கிய கடலைப் போன்ற அமைதி. பாட்டு அதே பாட்டுதான். ஆனால் பொருள் வேறு. தொகுப்பில் நான் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வந்தது பாதிப் பாட்டு.

என் கருத்தை மறுப்போரும் உண்டு. அவர்களுடைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. என் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உமது மாமா அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் வாங்கி வந்திருப்பாரா? ஒரு கேசட்டுக்குத்தான் பணம் இருந்தது. ஆகவே தொகுப்பை வாங்கினார். தொகுப்பு இல்லையேல் சிகாகோ திரேஸ்புரத்துக்கு வந்தே இராது." இஃது உண்மை. கப்பல் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு கேசட்டே ஆடம்பரம். ஏழைக்கும், தொலைவில் உள்ளவனுக்கும், புதிதாக வருகிறவனுக்கும் தொகுப்பு ஒரு வாசற்படி. நம் முன்னோரும் தொகுத்தவர்கள்தாமே? எட்டுத்தொகை என்று பெயரே இட்டார்கள். அவர்கள் தொகுத்திராவிட்டால் சங்கப் பாடல்கள் நமக்கு ஏது?

ஆனால் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பாடியவர் பெயரையும் கூடவே காத்தார்கள். பெயர் தெரியாத புலவரைக்கூட அவர் பாட்டில் வந்த சிறந்த தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வழங்கினார்கள். பெயரற்றவனுக்கும் பெயர் தந்த தொகுப்பு மரபு நம்முடையது. இன்று நாம் வாங்குகிற, இலவசமாகக் கேட்கிற திரைப்பாடல் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் இருக்கும். கவிஞர் பெயர் சில வேளை இருக்கும். அந்தப் பாட்டின் இடையிசையில் நம் நெஞ்சை அள்ளும் டிரம்பெட்டை ஊதியவர் யார்? பெரும்பாலும் எவருக்கும் தெரியாது.

பெயரைச் சொன்னால் மக்கள் மதிக்க மாட்டார்களா? மதிப்பார்கள். 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படத்துக்கு ஏ.ஆர்.ரகுமான் இசையில் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன் வாசித்தார். அதுவரை சாக்ஸபோன் என்ற பெயரையே அறியாதவர்கள்கூட அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ஊதியவரின் பெயர் தெரிந்தபோது, ஊதும் கருவிக்கும் ஒரு மதிப்பு வந்தது. எனவே குற்றம் கேட்பவர்களிடத்தில் இல்லை, சலிப்பவர்களிடத்தில் இருக்கிறது.

இது ஏதோ மேனாட்டுக் குழுவின் பிரச்சினை, நமக்கென்ன என்று மாணவ நண்பர்கள் எண்ண வேண்டா. சல்லடை எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். பேண்டுக்குச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் கைப்பேசியை இணைத்து, துயரப் பாடல்கள் தொகுப்பு ஒன்றை ஓடவிட்டார்கள். நல்ல பாடல்கள், நல்ல குரல்கள். ஆனால் பெட்டியைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதற்காக நின்றபோது பாட்டு நிற்கவில்லை. இறந்தவருடைய மனைவி வாசற்படியில் மயங்கிச் சரிந்தபோதும் பாட்டு நிற்கவில்லை. பிறகு அதுவாக நின்றது. ஒரு சோப்பு விளம்பரம் பேசியது. கூட்டத்தில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

பெரியப்பா என் அருகில்தான் நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்: "நாங்கன்னா நின்னுருப்போம்ல. அழுறவ மூச்ச பாத்துத்தான் ஊதணும். அவ விக்குனா நிறுத்தணும். எந்திரிச்சா மெல்ல எடுக்கணும். அது பெட்டிக்குத் தெரியுமா?"

இதைவிடச் சிறந்த இசைத் திறனாய்வை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. பேண்டு வாத்தியக்காரரிடம் உள்ள கலை பாட்டில் மட்டும் இல்லை. அப்பாட்டை இந்த வீட்டுக்கு, இந்த நேரத்துக்கு ஏற்ப நிறுத்துவதிலும் தொடங்குவதிலும் இருக்கிறது. அதைத் தொகுக்க இயலாது. ஆனி, ஆடி மாதங்களில் பனிமய மாதா பேராலயத் திருவிழா நெருங்கும்போதெல்லாம் பெரியப்பா குழாயின் வாயைத் துடைத்து ஊதிப் பார்ப்பார். ஆகஸ்டு 5ஆம் நாள் முடிந்ததும் உறையில் போட்டுவிடுவார். இப்போது பல்லும் போய்விட்டது, மூச்சும் குறைந்துவிட்டது. அவருக்குப் பின் எங்கள் குடும்பத்தில் ஊதக் கற்றவர் எவரும் இல்லை. நானும் கற்கவில்லை. கட்டுரை எழுதுகிற எனக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிகாகோ குழுவின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல். 1985இல் செட்டெரா பிரிந்து போனார். காதற்பாட்டின் குரல் போன பின்னும் குழு போகவில்லை. 2016இல் அமெரிக்க ராக் இசைப் பெருமக்கள் வரிசையில் அக்குழுவைச் சேர்த்துச் சிறப்பித்தார்கள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் டிரம்பெட்டோடும் டிரோம்போனோடும் லாக்னேனும் பாங்கோவும் அதே மேடையில் நின்றார்கள். விற்பனைப் பட்டியலில் ஏறி இறங்கியவர்கள் பலர். கடைசி வரை கூடவே நின்றவர்களுள் இருவர் ஊதுகிறவர்கள். சல்லடை அவர்களைக் கீழே தள்ளியது, காலம் தள்ளவில்லை.

ஆகவே என் முடிவு இது. தொகுப்பை வாங்குங்கள்; கேளுங்கள். 1975ஆம் ஆண்டுத் தொகுப்பு உண்மையிலேயே இனியது. இன்றும் நான் மாதம் ஒரு முறையேனும் கேட்கிறேன். ஆனால் அதனை வாசற்படியாகக் கொள்ளுங்கள், வீடாகக் கொள்ளாதீர்கள். ஒரு பாட்டு பிடித்தால் அது எந்த முழுமையிலிருந்து வெட்டப்பட்டது என்று தேடிப் போங்கள். முன்பு அதற்குப் பணம் வேண்டியிருந்தது; இன்று பொறுமை மட்டுமே வேண்டும். பிடித்த பாட்டின் இடையிசையை ஊதியவர் யார் என்று ஒரு முறையாவது கேளுங்கள். விடை கிடைக்காவிட்டாலும், கேள்வி கேட்டவர்கள் பலரானால் தொகுப்பவர்கள் பெயரை அச்சிடத் தொடங்குவார்கள்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் விருந்தினரை வரவேற்க வழக்கம்போல் ஒலிபெருக்கியில் தொகுப்புப் பாடல் ஒன்றைப் போடுகிறோம். வரும் ஆண்டில் அதற்குப் பதிலாகக் கடற்கரைத் தெருக்களிலிருந்து ஒரு பேண்டு குழுவை அழைப்போம். இன்னும் சிலர் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அழைத்தால் இருப்பார்களா என்று சொல்ல முடியாது. அவர்களுக்குரிய ஊதியத்தை முன்கூட்டியே கொடுப்போம். அழைப்பிதழில் சிறப்புரையாளர் பெயருக்குக் கீழே, டிரம்பெட் இன்னார், டிரோம்போன் இன்னார், கிளாரினெட் இன்னார், பெரிய டிரம் இன்னார் என்று ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுவோம்.

பெரியப்பாவிடம் இந்த எண்ணத்தைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுத்துப் பிழை இல்லாம போடச் சொல்லுல" என்றார்.